யூ மிஸ்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு வயது ஒன்பது.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா தக்காளியும் அவரைக்காயும் போட்டு மண்டிக்கு அனுப்புகிறவர். அக்காவை எட்டாவதோடு நிறுத்திவிட்டார். அவளுக்குப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த என்னை மட்டும், என்ன தோன்றியதோ, பாலக்கோட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். காலையில் ஏழரைக்கு பஸ். “ஏழரைய மிஸ் பண்ணிடாத பாப்பா” என்று தினமும் வாசலில் நின்று கத்துவார். பள்ளிக்கூடத்தில் டீச்சர்களை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறி டீச்சர் என்று சொல்லிவிட்டால் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டியதுதான்.

உர மூட்டையில் இருக்கும் எழுத்திலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் வீட்டில் எல்லாம் என் கைக்குத்தான் வரும். தெரியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால், இவளுக்கு எதற்கு பாலக்கோடு, அக்கா படித்த பள்ளிக்கூடமே போதும் என்று நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குள் ஓயாத உதறல். அதனால் தெரியாததையும் படித்தேன். குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் படித்தால் போதும், நம்பிவிடுவார்கள். பாவம், அவ்வளவு நல்லவர்கள்.

காரிமங்கலத்தில் இருந்த அத்தைக்கு ஒரே மகன். எனக்கு மாமா, அக்காவுக்கு முறைமாப்பிள்ளை. துபாயில் ஏசி மெக்கானிக். தை மாதம் லீவில் வந்ததும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு முன்னால் துபாயிலிருந்து வந்த கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் கையில் மாமா ஒரு பை கொடுத்தனுப்பினார். அப்பாவுக்கு டார்ச் லைட், அம்மாவுக்குத் தலைவலித் தைலம், அக்காவுக்கு சென்ட் பாட்டில். எனக்கு ஒரு கேம்.

உள்ளங்கை அகலத்தில் வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. நடுவில் கண்ணாடி, இரண்டு ஓரத்திலும் சிவப்புப் பொத்தான்கள். எப்படி ஆடுவது என்று ஒரு காகிதம் இல்லை. எடை ஏறுகிறதென்று அட்டைப்பெட்டியையும் அதற்குள் இருந்த தாளையும் ஏர்போர்ட்டிலேயே போட்டுவிட்டதாகக் கிருஷ்ணகிரிக்காரர் சாதாரணமாகச் சொன்னார். “உங்க பாப்பாதான் இங்கிலீஷ் படிக்குதே, கண்டுபுடிச்சிக்காது?” என்றார் அவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “ஓ, கண்டுபுடிப்பனே” என்றேன்.

கண்ணாடிக்குள் மேலே மூன்று மரங்கள். அவற்றிலிருந்து பழங்கள் டிக், டிக் என்று ஒவ்வொரு படியாக இறங்கும். கீழே கூடையோடு ஒரு பையன். இடது பொத்தானை அழுத்தினால் இடப்பக்கம் போவான், வலதை அழுத்தினால் வலப்பக்கம். பழம் கூடையில் விழுந்தால் மேலே ஓர் எண் ஏறும். தரையில் விழுந்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தம். மூலையில் இடுப்பில் கை வைத்த ஒரு பொம்பளை உருவம் வந்து நிற்கும். அவளுக்குப் பக்கத்தில் நான்கு எழுத்து. எம், ஐ, எஸ், எஸ். மிஸ்! மூன்று பொம்பளைகள் வந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான்காம் நாள் வீட்டாரைக் கூப்பிட்டு விளக்கினேன். பையன் தோட்டத்தில் பழம் திருட வந்திருக்கிறான். கூடையில் பழம் விழுந்தால் மாட்டிக்கொண்டான். மேலே ஏறுகிற எண் அவன் வாங்கப்போகும் பிரம்படி. விழுகிற பழத்திலிருந்து அவனை ஒதுக்கி ஒதுக்கிக் காப்பாற்ற வேண்டும். தரையில் விழுந்த பழத்தை மிஸ் வந்து எடுத்துக்கொள்வார். மூன்று மிஸ்ஸும் வந்து சேர்ந்தால் பழமெல்லாம் பத்திரம், பையனும் திருந்திவிட்டான், நாம் ஜெயித்தோம். இதில் என்ன ஓட்டை இருக்கிறது சொல்லுங்கள்? அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அந்த ஆட்டத்தில் அம்மாதான் பெரிய ஆள். ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டுப் பையனை ஓரத்தில் நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மூன்று மிஸ்ஸும் வரிசையாக வந்து நிற்பார்கள். “இது என்னா பெரிய வித்தை, சும்மா இருந்தா ஜெயிக்கலாமே” என்பாள். தோற்றுக்கொண்டே இருந்தவள் அக்கா. பழம் இறங்குவதைப் பார்த்தால் அவள் விரல் தானாகப் பொத்தானுக்குப் போய்விடும். பையனை ஓடவிட்டு ஒன்று விடாமல் பிடித்துவிடுவாள். எண் ஏறிக்கொண்டே போகும். “அக்கா, உடுக்கா, உடு!” என்று நான் கத்துவேன். “வீணாப் போவுதே பாப்பா” என்பாள். பாதியில் பிடுங்கிவிடுவேன். இவ்வளவு மக்காக இருக்கிறாளே என்று அவள்மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

கார்த்திகையில் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா பெயருக்குத்தான். கல்யாணம் ஆகாமல் அக்காவுக்கு நேரே எழுத முடியாதே. வழக்கம்போல அக்காதான் வாசித்தாள். வெயில் பற்றி, ரூமில் கூட இருப்பவர்களைப் பற்றி, தை பத்துக்குள் வந்துவிடுவது பற்றி. ‘இப்படிக்கு’ என்று தன் பெயரை எழுதி, அதற்கும் கீழே, வேறு நிற மையில், ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தார். அக்கா அங்கே வந்ததும் நிறுத்திவிட்டாள். காது சிவந்திருந்தது.

“என்னாது அது, இங்கிலீசுல?” என்றார் அப்பா. “பாப்பாகிட்ட குடு.”

வாங்கிப் பார்த்தேன். எனக்கு ரொம்பத் தெரிந்த நான்கு எழுத்து. பக்கத்தில் தனியாக யூ என்று ஓர் எழுத்து. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே பெயரில் இரண்டு மிஸ்கள் இருந்தார்கள். முன்னெழுத்தைச் சேர்த்து ஆர் மிஸ், பி மிஸ் என்போம். அப்புறம் என்ன சந்தேகம்! குரலை உயர்த்தினேன்.

“மிஸ் யூ. யூ மிஸ்னு ஒரு டீச்சர். அவங்க பேரும் போட்டிருக்குது.”

“டீச்சரா? மாப்பிள்ள பேருக்குக் கீழயா?” என்று அம்மா எழுந்து வந்தாள்.

“ஆமா. ரெண்டு பேரும் சேந்து கையெழுத்து போட்டிருக்காங்க.”

அப்பா கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த ஒரு வரியையே வெகுநேரம் பார்த்தார். அக்கா உள்ளே போய்விட்டாள். நான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது, என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. சரியாகத்தானே படித்தேன்?

இரண்டே நாளில் அந்த யூ மிஸ்ஸுக்கு ஊர் பேர் எல்லாம் வைத்துவிட்டார்கள். யூவில் ஆரம்பிக்கிற பெயர் என்னென்ன என்று அம்மா கேட்க, நான் உமா, உஷா என்று சொல்லித் தொலைத்தேன். அம்மா உஷாவைப் பிடித்துக்கொண்டாள். துபாயில் டீச்சர் வேலை பார்ப்பதென்றால் மலையாளத்துக்காரியாகத்தான் இருப்பாள் என்று அப்பா முடிவு கட்டினார். கேமை எடுத்து, மூலையில் இடுப்பில் கை வைத்து நிற்கும் பொம்பளையைக் காட்டி, “இவளாட்டம்தான் இருப்பாளோ என்னமோ” என்று அம்மா பெருமூச்சு விட்டாள். அதன் பிறகு அவள் அந்தக் கேமைத் தொடவே இல்லை.

கடிதம் எழுதிக் கேட்கலாம். ஆனால் போக பதினைந்து நாள், வர பதினைந்து நாள். அதுவும் எதை என்று கேட்பது? சந்தை நாளன்று அப்பா காரிமங்கலத்துக்குப் போனார். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், வாய்த்துடுக்கு உள்ளவள். “எம் பையன் குனிஞ்ச தல நிமிராதவன்டா தம்பி. உம் பொண்ணக் குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லு, பச்சப்புள்ள பேச்ச வெச்சிக்கிட்டு ஆடாத” என்று நடுச்சந்தையில் கத்திவிட்டாளாம். அப்பாவும் பதிலுக்குக் கத்தியிருக்கிறார். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார், அரூரில் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருக்கிற ஒரு பையனைப் பற்றி மண்டிக்காரர் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார், வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன் என்று. அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை அவரைக்காய்ப் பந்தலுக்குள் வைத்து அக்கா என் கையைப் பிடித்தாள். “பாப்பா, மிஸ்னா டீச்சர் மட்டும்தானா? வேற ஒண்ணும் இல்லியா?”

“டீச்சர்தான்க்கா. சாமி சத்தியமா.”

அவள் கையை விட்டுவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சத்தியம் செய்த அந்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை இல்லையோ? உர மூட்டையில் நான் படித்ததெல்லாம் சரியா? மாத்திரை அட்டையில் படித்தது? இவ்வளவு நாள் யாரும் செத்துப்போகாமல் இருப்பது சாமி புண்ணியம் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் ஆர் மிஸ் எதிரே வந்தால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்கா அடுப்படியில் கேமை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. வழக்கம்போலத் தப்பாக ஆடிக்கொண்டிருந்தாள், எல்லாப் பழத்தையும் பிடித்துக்கொண்டு. இரண்டு மிஸ்கள் மூலையில் நின்றார்கள். பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எண் நூற்று எண்பது, நூற்றுத் தொண்ணூறு என்று ஏறியது. நாங்கள் யாரும் அதுவரை போனதே இல்லை. நான்தான் போக விடவில்லையே. இருநூறு ஆனதும் ஆட்டம் ஒரு நொடி அப்படியே நின்றது. திடீரென்று அந்தப் பெட்டி பாட ஆரம்பித்தது. டிங் டிடிங் டிங் என்று கல்யாண வீட்டு பேண்டு மாதிரி ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் மூலையில் நின்ற இரண்டு மிஸ்களும் காணாமல் போனார்கள்.

இருநூறு பிரம்படி வாங்கிய பையனுக்கு யாராவது பாட்டுப் பாடுவார்களா? வந்த மிஸ்களை ஏன் துரத்துகிறது? அப்படியென்றால் பழத்தைப் பிடிப்பதுதான் ஆட்டம். மிஸ் வருவதுதான் தோல்வி. அப்படியென்றால் மிஸ் என்பது மிஸ் இல்லை. அக்கா ஒன்றும் புரியாமல் அடுத்த பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. இன்டர்வலில் ஆர் மிஸ் முன்னால் போய் நின்றேன். “மிஸ், மிஸ்னா என்ன மிஸ்?”

அவர் முதலில் முறைத்தார். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் அழுதுவிடுவேன் போல இருந்ததைப் பார்த்து இறங்கி வந்தார். எம் ஐ எஸ் எஸ்ஸுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, தவற விடுவது என்றார். “பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன்னு சொல்ல மாட்டியா? அந்த மிஸ்தான்.”

அட கடவுளே! தினமும் காலையில் அப்பா வாசலில் நின்று கத்துகிற மிஸ். பொறந்ததிலிருந்து காதில் விழுகிற மிஸ். அதை நான் தமிழ் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

யூவைப் பற்றிக் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஒற்றை எழுத்தானாலும் வாயால் சொல்லிப் பார்த்தால் யூ யூதான்; நீ, உன்னை என்று எனக்கே தெரியும். அன்றைக்கு மீதிப் பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. மிஸ் யூ. தவற விட்டேன், உன்னை. உன்னைத் தவற விட்டுவிட்டேன். முன்னதாவது துபாயில் ஒரு டீச்சர் இருக்கிறாள் என்ற அளவோடு போயிற்று. இது அதைவிட மோசமாக அல்லவா இருக்கிறது? கூடையில் விழ வேண்டிய பழத்தைத் தரையில் போட்ட மாதிரி, மாமா அக்காவைக் கைவிட்டுவிட்டதாக அவரே கைப்பட எழுதியிருக்கிறார். இதை வீட்டில் சொல்வதா? சொல்லாமல் விட்டால் நாளைக்கு அரூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். சொன்னாலும் வரத்தான் போகிறார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே ரோதனை. எங்கள் ஊர் ஸ்டாப்பில் இறங்க மறந்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடி வந்தேன்.

அக்கா மோட்டார் கொட்டகைப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். “அக்கா, நான் தப்பாப் படிச்சிட்டேன். அது டீச்சர் இல்ல. மாமா உன்ன... பஸ்ஸ மிஸ் பண்ணுவாங்கல்ல, அந்த மிஸ்ஸாம். உன்ன மிஸ் பண்ணிட்டாராம்.” சொல்லிவிட்டு, அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால் அக்கா ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. “இன்னொரு தடவ சொல்லு பாப்பா” என்றாள். சொன்னேன். துவைத்த துணியைக் கல்லின் மேலேயே போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினாள்.

“யம்மா, பஸ்ஸ உட்டுட்டா என்னா பண்ணுவோம்? அது போன தெசையவே பாத்துக்கிட்டு நிப்போம்ல? அதத்தாம்மா எழுதியிருக்குது மாமா!”

அடுத்த பஸ் ஏறுவோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதுதான் என் பயமே. மாமா அடுத்த பஸ் ஏறிவிட்டால்? ஆனால் அம்மா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவள் அக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அடிப்பாவி, ஒரு குடும்பத்தையே கெடுக்கப் பாத்தியேடி!” என்று முதுகில் ஒன்று வைத்தாள். அவ்வளவு நாள் காத்திருந்த அடி. வாங்கியதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அப்பா முதல் பஸ் பிடித்து தர்மபுரிக்குப் போனார். அரூரிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் பஸ் மாற வேண்டும். இங்கே வந்து அக்காவைப் பார்த்துவிட்டார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து வாசலிலேயே நின்றேன். அப்பா அவர்களை மிஸ் பண்ணிவிட்டால்? ரோட்டில் வெள்ளை வேட்டி தெரியும்போதெல்லாம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பதினொரு மணிக்கு மேல் அப்பா மட்டும் தனியாக வந்தார். பஸ் ஸ்டாண்டிலேயே அவர்களுக்கு டிபன் வாங்கிக் கொடுத்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சித் திருப்பி அனுப்பிவிட்டாராம். என்னைப் பார்த்து, “வாங்க யூ மிஸ்” என்றார். அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்கள் வீட்டில் என் பெயர் அதுதான்.

அப்பா காரிமங்கலத்துக்குப் போய் அத்தையைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தார். தையில் மாமா வந்தார், கல்யாணம் நடந்தது. நடந்ததையெல்லாம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டில் வேறு யாருக்கும் விளங்கக் கூடாதென்றுதான் அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதினாராம். கேமை ஆடிக் காட்டி, வீட்டில் எல்லாருக்கும் சரியான விதியைச் சொல்லிக் கொடுத்தார். பழத்தை ஒன்றுகூட விடாமல் பிடிப்பதில் அவருக்குச் சமமாக ஆடியவள் அக்கா ஒருத்திதான். நாற்பது நாள். பிறகு லீவு முடிந்து துபாய்க்குத் திரும்பிவிட்டார்.

ஆடிக்கு அக்காவைக் காரிமங்கலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நான் ஆசையாகக் கேமை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஆட்டத்தை ஆரம்பித்தாள், பெட்டியை மடியில் வைத்தாள், கையைக் கட்டிக்கொண்டாள். பழம் இறங்கியது, விழுந்தது. மிஸ். அடுத்தது விழுந்தது. மிஸ். மூன்றாவது. ஆட்டம் நின்றது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடியும் அதேதான். பையன் ஓரத்தில் சும்மா நின்றான். “புடிக்கா, புடி! வீணாப் போவுது பாரு!” என்று நான் குதித்தேன். “இருக்கட்டும் பாப்பா” என்றாள். தினமும் இதே கூத்து. அம்மாவிடம் போய், அக்காவுக்கு ஆட்டமே மறந்துவிட்டது, பழைய தப்பு விதியிலேயே ஆடுகிறாள் என்று முறையிட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள்.

அந்த வாரம் மாமாவுக்கு ஏர்மெயில் எழுதினார்கள். அப்பா சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். மழை, அவரைக்காய் விலை, அத்தையின் முழங்கால் வலி. கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. “யூ மிஸ் ரெண்டு வரி எழுதட்டும்” என்றார் அப்பா. எனக்கு நல்ல வாய்ப்பு. இந்த முறை தமிழிலேயே, எந்தக் குழப்பமும் வராதபடி, அழுத்தி எழுதினேன். ‘மாமா, அக்கா ஒரு பழம்கூடப் பிடிப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாள். தினமும் மிஸ், மிஸ், மிஸ்தான். நீங்கள் வந்து கேளுங்கள்.’

அக்கா அதை வாங்கிப் படித்தாள். அடித்துவிடுவாள், இல்லை கிழித்துவிடுவாள் என்று நான் தயாராக நின்றேன். இரண்டு தடவை படித்தாள். அவளைப் பற்றி நான் சொன்ன கோளில் ஓர் எழுத்தைக்கூட அடிக்காமல், தாளை மடித்து, ஓரத்தை எச்சிலால் நனைத்து, நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். தபால் பெட்டி வரைக்கும் அவளே வந்தாள். போட்டுவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ரோஷம் கெட்டவள் என்று நினைத்தேன்.